ஒரே சொல்

திஸா ஆற்றில் அன்று தண்ணீர் இடுப்பளவு.
அறுபது குதிரைக்காரர்கள்
காலணியைக் கழற்றாமல் இறங்கினார்கள்.
முதல் பத்துப் பேருக்குப் பேதுரு என்று பெயர்.
அடுத்த பத்துக்கு யோவான்.
அதற்குள் துறவிக்குப் பசித்துவிட்டது.
மீதி நாற்பது பேரும் மாற்கு.

நான் கரையில் நின்று மொழிபெயர்த்தேன்.
அம்மா கூமானியப் பெண்,
அப்பா உப்பு வண்டி ஓட்டிய ஹங்கேரியன்.
இரண்டு மொழியிலும் பொய் சொல்ல வரும் என்பதால்
நாளுக்கு ஒரு வெள்ளிக்காசு.

"ஆண்டவனுக்கு மண்டியிடச் சொல்."
சொன்னேன்.
தாடியைப் பிழிந்தபடி கரகுஷ் கேட்டான்:
"எந்த ஆண்டவன்?
மேலே இருப்பவனா,
பத்து ஆட்டுக்கு ஒன்று கேட்டு
ஆள் அனுப்புகிறவனா?"

இரண்டுக்கும் ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள்.

என்ன கேட்கிறான் என்றார் துறவி.
நம்புகிறானாம், என்றேன்.

கணக்கன் சேபே நாணல் மறைவில் உட்கார்ந்து
குச்சியில் வெட்டிக்கொண்டே இருந்தான்,
நனைந்த தலைக்கு ஒரு வெட்டு.
பனிக்காலத்தில் வந்தான்,
அதே குச்சியோடு,
வரிக்கு.

முன்பெல்லாம் ஆணையிட வேண்டுமென்றால்
ஒரு நாயை வாளால் இரண்டாக்குவோம்.
சொல் தவறினால் நானும் இப்படி ஆகட்டும் என்போம்.
இப்போது மெழுகு முத்திரை.
மெழுகுக்கு வலிக்காது,
அதனால்தானோ என்னவோ
அரண்மனையில் அதை அடிக்கடி உடைக்கிறார்கள்.

பிறகு ஓலை வந்தது, ஆட்டுத்தோலில்:
கம்பளிக் கூடாரம் கூடாது. கிறிஸ்தவனுக்குச் சுவர் வேண்டும்.
கரகுஷ் கட்டினான்.
மண்சுவர், நாணற்கூரை, தாழ்ப்பாளோடு ஒரு கதவு.
உள்ளே குதிரையைக் கட்டிவிட்டு
வெளியே கூடாரத்தில் படுத்தான்.

சேபே பார்க்க வந்தபோது
கதவிடுக்கில் மூச்சு ஆவியாகக் கசிந்தது.
"யார் உள்ளே?"
"மாற்கு."
உள்ளே கனைப்பு.
"மாற்குக்கு இருமல்," என்றேன்.
அவன் எழுதிக்கொண்டான்.

மூன்றாம் பனியில் அரசனுக்கும் அவன் மகனுக்கும் சண்டை.
இரண்டு கொடியிலும் சிலுவை.
கரகுஷின் விலாவில் தைத்த அம்பு
எந்தப் பக்கத்தது என்று
பிடுங்கிப் பார்த்தும் தெரியவில்லை.

கோயில் முற்றத்தில் குழி.
"குதிரை கூடாது" என்றார் துறவி.
சேணம்?
கூடாது.
ஒரு கிண்ணமாவது?
அவர் முகம் சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை,
அவருக்கும் மேலே யாரோ கேட்பார்கள்.

ஆய்தோலு எதுவும் பேசவில்லை.
இரவெல்லாம் போர்வைக்குள்
கடிவாளத்து இரும்பை வைத்துத் தைத்திருந்தாள்.
உடலைத் தூக்கியபோது ஒலித்தது.

"அது என்ன?"
அவளைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்.
"சிலுவை," என்றேன்.
"இரண்டு சத்தம் கேட்டதே?"
"பயந்த சுபாவம். இரண்டு போட்டிருந்தான்."

அவள் குழியின் விளிம்பில் குனிந்து சொன்னாள்:
மேற்கே போகாதே, வேலி போட்டுவிட்டார்கள்.
ஓடையில் இறங்கும்போது கடிவாளத்தைத் தளர்த்து.
வடக்கில் புல் இருக்கிறது,
உன் அப்பன் அங்கேதான் கூடாரம் போட்டிருப்பான்.
என்னைத் தேடாதே,
நான் நடந்துதான் வர வேண்டும்.

"என்ன சொல்கிறாள்?"
"ஆமென்."
"இவ்வளவு நீளமாகவா?"
"எங்கள் மொழி அப்படி," என்றேன்.
எங்கள் என்ற சொல் வாயிலிருந்து வந்ததை
வீட்டுக்கு நடக்கும்போதுதான் கவனித்தேன்.

அன்றைக்கும் காசு கொடுத்தார்கள்.
ஒரு பக்கம் அரசன் தலை, திருப்பினால் சிலுவை,
நடுவில் ஒரு நகத்தளவு வெள்ளி.
சந்தையில் உப்புக்கட்டி வாங்கினேன்.

சேபேயின் குச்சியில் மாற்கு இன்னும் சாகவில்லை,
ஆண்டுக்கு இரண்டு ஆடு கட்டுகிறான்.
தாழ்ப்பாளை நீக்கினேன்.
இருட்டில் வெதுவெதுப்பாக ஒரு மூக்கு
என் உள்ளங்கையைத் தேடி வந்தது.